வைத்தியசாலையில் வேலை அனுபவம்: பிரித்தானியத் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டன் வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். வேலை அனுபவத்துக்காக வார்ட்டுக்கு வரும் பாடசாலை மாணவர்களைப் பொறுப்பெடுத்துக் கூட்டித் திரிவதும் என் கடமைகளில் ஒன்று. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் கோயில் அன்னதான வரிசையிலும் பெற்றோர் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகளையும், பிள்ளைகள் தனியாக வந்து தயங்கித் தயங்கிக் கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் சொல்வது இங்கிலாந்து நடைமுறை. அதிலும் ஒவ்வொரு என்.எச்.எஸ். ட்ரஸ்டும் (அரச சுகாதார சேவையில் ஒரு பகுதியின் வைத்தியசாலைகளை நடத்தும் அமைப்பு) வயது, உடை, படிவம் பற்றித் தன் சொந்த விதிகளை வைத்திருக்கிறது. ஆகவே இதை வாசித்த பிறகு உங்கள் ட்ரஸ்டின் இணையப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலை அனுபவம் என்கிறார்கள். வைத்தியசாலையில் என் மகள் என்ன வேலை செய்வாள்?

வேலை எதுவும் செய்யமாட்டாள். ஒரு தாதியுடனோ வைத்தியருடனோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளருடனோ கூட நின்று, அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பாள். பெயரில் 'வேலை' இருந்தாலும் சம்பளம் இல்லை. நோயாளியின் பராமரிப்பில் எந்தப் பொறுப்பும் அவளுக்கு இல்லை. பெரும்பாலும் ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு மூன்று நாட்கள்.

காலையில் இரவுத் தாதியர் பகல் தாதியரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது பக்கத்தில் நிற்பாள். வைத்தியர்கள் படுக்கை படுக்கையாக வரும்போது பின்னால் போவாள். மருந்து கொடுப்பது, நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் சமூக சேவையாளருடன் பேசுவது எல்லாவற்றையும் பார்ப்பாள். இடையில் ஒன்றும் நடக்காத நேரமும் நிறைய இருக்கும்.

எத்தனை வயதில் போகலாம்? ஆண்டு 10 இலேயே பாடசாலை கேட்கிறதே?

ஆண்டு 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை ஒரு வாரம் ஒதுக்கினாலும், நோயாளிகள் இருக்கும் வார்ட்டுக்குப் பல ட்ரஸ்டுகள் 16 வயது ஆனவர்களைத்தான் எடுக்கின்றன. அதற்குக் குறைந்தவர்களுக்கு அலுவலகம், சமையலறை, மருந்தகத்தின் முன்பகுதி போன்ற இடங்கள் கிடைக்கலாம். சத்திரசிகிச்சைக் கூடம், அவசர சிகிச்சைப் பிரிவு, பிரசவ வார்ட் ஆகியவற்றுக்கு வயது வரம்பு இன்னும் கூடும். வைத்தியத் துறைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஆண்டு 12 தான் சரியான காலம். பார்த்ததை விளங்கிக்கொள்ளும் வயதும் அதுதான்.

எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

வைத்தியசாலை வரவேற்பு மேசையில் போய்க் கேட்டுப் பயனில்லை. ட்ரஸ்டின் இணையத்தளத்தில் 'வேர்க் எக்ஸ்பீரியன்ஸ்' என்று தேடுங்கள். விண்ணப்பங்களை ஆண்டு முழுவதும் எடுக்கமாட்டார்கள். குறிப்பிட்ட சில வாரங்கள் திறந்து மூடிவிடுவார்கள். கோடை விடுமுறைக்கு இடம் வேண்டும் என்றால் குளிர்காலத்திலேயே தேடத் தொடங்குங்கள். அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கும் அங்கே படிப்பவர்களுக்கும் பல ட்ரஸ்டுகள் முன்னுரிமை கொடுக்கின்றன.

ஒரு வேண்டுகோள்: மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். 'என் மகன் மிகவும் கெட்டிக்காரன்' என்று தொடங்கும் கடிதங்கள் எங்கள் அலுவலகத்துக்கு நிறைய வருகின்றன. ஏன் வர விரும்புகிறான், எதைப் பார்க்க விரும்புகிறான் என்பதை அவனே இரண்டு பந்தியில் பிழையோடு எழுதினாலும், அதற்குத்தான் மதிப்பு.

பொலிஸ் பதிவுச் சோதனை, தடுப்பூசி எல்லாம் வேண்டுமா?

ஒருவரின் கண்பார்வையில் நின்று பார்க்க மட்டும் வருபவர்களுக்கு டி.பி.எஸ். என்ற பொலிஸ் பதிவுச் சோதனையைப் பொதுவாகக் கேட்பதில்லை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அது எடுக்கவும் முடியாது. ஆனால் சுகாதாரப் படிவம் உண்டு. சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியவற்றுக்கு ஊசி போட்டதா, அல்லது நோய் வந்து போனதா என்று கேட்பார்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ ஊசி போட்ட பிள்ளை என்றால் அந்த அட்டையைத் தேடி எடுத்துவைக்கவும்; இதில்தான் பலருக்கு நாள் இழுபடுகிறது. பெற்றோர் கையொப்பம், பாடசாலை கையொப்பம், இரகசியம் காக்கும் உறுதிமொழி ஆகியவையும் அந்தப் படிவக் கட்டிலேயே இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நேரே சொல்லி அனுப்பலாமா?

அவர் சம்மதிக்கலாம். ஆனால் அவரும் உங்கள் பிள்ளையை அலுவலகத்தில் பதிவுசெய்து, மேலே சொன்ன படிவங்களை முடித்த பிறகுதான் உள்ளே கூட்டிப்போக முடியும். 'பின்கதவால் ஒரு நாள் வந்துவிட்டுப் போகட்டும்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நோயாளி ஒருவர் முறையிட்டால் மாட்டிக்கொள்வது உங்களுக்கு உதவி செய்த அந்த வைத்தியர்தான். பெற்றோரோ நெருங்கிய உறவினரோ வேலை செய்யும் அதே வார்ட்டில் பிள்ளையை வைக்கப் பல ட்ரஸ்டுகள் அனுமதிப்பதில்லை.

எங்களுக்கு யாரையும் தெரியாது. கேட்ட இடமெல்லாம் மறுத்துவிட்டார்கள். இனி மருத்துவத்துக்கு இடமே கிடைக்காதா?

கிடைக்கும். இந்தப் பயம்தான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். வைத்தியசாலைக்குள் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரிகளின் நிபந்தனை அல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில், மற்றவர்களைப் பராமரிக்கும் எந்த அனுபவமும் பயன்படும் என்று தன் வழிகாட்டலில் தெளிவாகச் சொல்கிறது.

முதியோர் இல்லம் ஒன்றில் வாரத்தில் ஒரு பின்னேரம் தொண்டு செய்வது, நான் பார்த்த அளவில், வார்ட்டில் ஒரு வாரம் நிற்பதைவிடப் பிள்ளைகளை அதிகம் மாற்றுகிறது. ஏனென்றால் அங்கே அதே மனிதரிடம் மாதக்கணக்காகப் போகிறார்கள். அவர் அவர்களின் பெயரை மறப்பதையும், பிறகு ஒருநாள் குரலை மட்டும் வைத்து அடையாளம் காண்பதையும் பார்க்கிறார்கள். சென் ஜோன் அம்புலன்ஸ் என்ற முதலுதவித் தொண்டு அமைப்பு நடத்தும் இளையோர் திட்டமும் உண்டு. வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை என்றால், ஜீ.பி. எனப்படும் குடும்ப வைத்தியர்களின் றோயல் கல்லூரி நடத்தும் 'ஒப்சர்வ் ஜீ.பி.', பிறைற்றன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியின் இணைய வேலை அனுபவம் இரண்டும் இலவசம்.

வீட்டில் அம்மம்மாவுக்கு நீரிழிவு ஊசி போட உதவும் பிள்ளை, மாற்றுத்திறனாளியான தம்பியைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தும் பிள்ளை எல்லாம் நம்மிடையே இருக்கிறார்கள். அது 'வீட்டு விஷயம்' என்று நினைத்து எங்கும் எழுதுவதில்லை. எழுதுங்கள். அதைவிட உண்மையான அனுபவம் இல்லை.

காசு கட்டினால் இடம் எடுத்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. நல்லதா?

தேவையில்லை. மேலே சொன்னவற்றில் எதற்கும் காசு இல்லை. காசு கொடுத்துப் பெற்ற அனுபவத்துக்கு மருத்துவக் கல்லூரிகள் கூடுதல் மதிப்புக் கொடுப்பதுமில்லை.

என்ன உடுத்துக்கொண்டு போவது? கையில் கோயிலில் கட்டிய கயிறு இருக்கிறது.

கயிற்றை முதல் நாளே கழற்ற வேண்டிவரும். நோயாளிகள் இருக்கும் இடத்தில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி: நீளக் கை, கைக்கடிகாரம், காப்பு, கயிறு, கல் பதித்த மோதிரம், நகப்பூச்சு எதுவும் ஆகாது. மதகுருவாக இருந்தாலும் பேராசிரியராக இருந்தாலும் ஒரே விதிதான். கயிறு ஈரத்தையும் கிருமியையும் பிடித்துவைத்திருக்கும். அது இருந்தால் மணிக்கட்டைச் சரியாகக் கழுவ முடியாது. சாமி அறையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மத அடையாளமாகக் கழற்றவே முடியாத ஒன்று இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், ஒழுங்கு செய்யப் பார்ப்பார்கள்.

பொட்டு, திருநீறு, தலை மூடும் துணி எதற்கும் தடை இல்லை. சிறிய தோடு பரவாயில்லை. தலைமயிரைக் கட்ட வேண்டும். விரல் மூடிய, சத்தம் போடாத சப்பாத்து வேண்டும். ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும் என்பதால் புதுச் சப்பாத்தை அன்றைக்குத் தொடங்காதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம்.

டொக்டராக வர விரும்பும் என் மகனைத் தாதி உதவியாளருடன் விட்டிருக்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்ப் பெற்றோர் குறைவு. கேட்கும்போது அதில் இருக்கும் தாழ்வான பார்வை எனக்கு வலிக்கும். ஆனாலும் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். மாற்றக் கேட்காதீர்கள். உங்கள் மகனுக்கு நல்ல இடம்தான் கிடைத்திருக்கிறது.

ஒரு காலைச் சாப்பாட்டைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்த ஒரு முதியவர், விழுங்கச் சிரமப்படுகிறவர். அவருடைய சாப்பாடு சிவப்புத் தட்டில் வரும், உதவி இல்லாமல் சாப்பிட முடியாதவர் என்பதற்கு அடையாளமாக. தாதி உதவியாளர் முதலில் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரை நிமிர்த்தி இருத்துகிறார். தலைமாட்டில், அவர் விழுங்குவதைச் சோதித்த பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பானத்துக்கென்று எழுதிவைத்த தடிப்பு அளவைப் பார்க்கிறார். பானங்களுக்கு 0 முதல் 4 வரை அளவு உண்டு. தேநீரில் தடிப்பாக்கும் தூளைப் போட்டுக் கலக்கி, தடிக்கும்வரை காத்திருக்கிறார். கதிரையை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்தில் இருந்துகொண்டு ஒரு கரண்டி கொடுக்கிறார். தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ட பிறகுதான் அடுத்தது. நடுவில் 'இன்றைக்கு என்ன கிழமை?' என்று சும்மா கேட்கிறார். பதிலுக்காகக் கேட்கவில்லை, குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா என்று கவனிக்கத்தான். அப்படிக் கேட்டால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே நிறுத்தித் தாதியைக் கூப்பிடுவார். நுரையீரலுக்குள் போகும் ஒரு கரண்டி தேநீர் நிமோனியாவாக முடியலாம். இதில் உடற்கூறு இருக்கிறது, நோயியல் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. வைத்தியரின் பின்னால் ஓடினால் இந்தக் காட்சி கண்ணில் படாது.

இன்னொன்று. நோயாளியின் மூச்சு வேகம், ஒட்சிசன், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறையும் அளந்து புள்ளி போடுகிறோம். 2012 இல் வைத்திய நிபுணர்களின் அமைப்பான றோயல் கொலிஜ் ஒவ் பிசிசியன்ஸ் கொண்டுவந்து 2017 இல் திருத்திய இந்த முறைக்கு 'நியூஸ் 2' என்று பெயர். மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் பூச்சியம். 21 முதல் 24 வரை 2 புள்ளி. 25 ஐத் தொட்டால் 3. மொத்தம் 5 ஆனால் வைத்தியர் விரைந்து வந்து பார்க்க வேண்டும், 7 ஆனால் அவசரநிலை. பெரும்பாலான வார்ட்டுகளில் இந்த அளவுகளை எடுப்பவர் தாதி உதவியாளர்தான். வைத்தியர் ஓடிவருவதற்கு முன் அந்த இலக்கத்தை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதை உங்கள் மகன் 17 வயதிலேயே தெரிந்துகொண்டால், பின்னாளில் தாதியர் கூப்பிடும்போது செவிகொடுக்கும் வைத்தியராக வருவான்.

நோயாளியிடம் என்ன பேசுவது? வெட்கமாக இருக்கிறது.

பெயரைச் சொல்லித் தொடங்கு. 'வணக்கம், என் பெயர் இது, நான் பாடசாலை மாணவி, இந்த வாரம் பார்த்துப் பழக வந்திருக்கிறேன்.' இவ்வளவும் போதும். கேற் கிறேஞ்சர் என்ற வைத்தியர் புற்றுநோயால் தானே நோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைத் தொட்டுச் சிகிச்சை செய்ய வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013 இல் 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016 இல் அவர் இறந்துவிட்டார். இன்றைக்கும் நாடு முழுக்க எங்கள் பெயர் அட்டைகளில் அந்தச் சொற்களைக் காணலாம்.

பிறகு, கேட்டுக்கொண்டிரு. வார்ட்டில் நேரம் உள்ள ஒரே ஆள் பெரும்பாலும் நீதான். எங்களுக்குக் கேட்க நேரமில்லாத கதைகளை உன்னிடம் சொல்வார்கள்.

இரத்த அழுத்தம் எடுத்துப் பார் என்று யாராவது சொன்னால் செய்யலாமா? தண்ணீர் கேட்டால் கொடுக்கலாமா?

நோயாளியில் அளவு எடுப்பது, தூக்குவது, திருப்புவது, உடுப்பு மாற்றுவது, மருந்தைத் தொடுவது எதுவும் கூடாது. சொல்பவர் வைத்தியராக இருந்தாலும் 'நான் பார்க்க மட்டும் வந்திருக்கிறேன்' என்று பணிவாகச் சொல். அவர் கோபிக்கமாட்டார், மறந்திருப்பார்.

தண்ணீர் சின்ன விஷயமாகத் தோன்றும். மேலே சொன்ன முதியவரை நினைத்துப் பார்: சாதாரணத் தண்ணீர் அவருக்கு ஆபத்து. சத்திரசிகிச்சைக்காக வெறுவயிற்றில் இருப்பவருக்குக் கொடுத்தால் சிகிச்சையே தள்ளிப்போகும். ஆகவே 'தாதியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்லி, உண்மையிலேயே போய்க் கேள். மறந்துபோனால் அவர் காத்துக்கொண்டே இருப்பார்.

நோயாளி 'இந்தப் பிள்ளை இங்கே நிற்க வேண்டாம்' என்றால் என்ன செய்வது?

சரி என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, முகம் கோணக் கூடாது. நீ நிற்பதற்கு அவருடைய சம்மதம் தேவை. அதை அவர் எந்த நிமிடத்திலும் திரும்ப எடுக்கலாம். வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் கண்ணால் சொல்பவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடித்துத் தானாக வெளியேறிய மாணவர்களைப் பற்றி நான் அறிக்கையில் தனியாக எழுதுவேன்.

இரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலைசுற்றும். மயங்கி விழுந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

மாட்டார்கள். முதல் தடவை பார்க்கும் பலருக்கும் வரும், இன்று பெரிய சத்திரசிகிச்சை நிபுணர்களாக இருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு வா, தண்ணீர் குடி. நிற்கும்போது முழங்காலைப் பூட்டிவைக்காமல் காலை அசைத்துக்கொண்டிரு. வியர்த்து, காது அடைப்பதுபோல் வந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே கீழே இரு. கதவுவரை நடந்து போக முயல்பவர்கள்தான் விழுந்து தலையை அடித்துக்கொள்கிறார்கள்.

நீ நிற்கும் வாரத்தில் ஒருவர் இறக்கவும் கூடும். அன்றைக்கு வீட்டுக்குப் போகுமுன் உன் பொறுப்பாளரிடம் பேசு. நாங்களும் அப்படித்தான் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.

கோயிலில் பார்க்கும் மாமி ஒருவர் அதே வார்ட்டில் படுத்திருக்கிறார். அம்மாவிடம் சொல்லலாமா? அம்மா போய்ப் பார்த்தால் அவருக்கு ஆறுதலாக இருக்குமே?

சொல்லக்கூடாது. என்ன நோய் என்று மட்டுமல்ல, அவர் அங்கே இருக்கிறார் என்பதையே சொல்லக்கூடாது. எங்கள் சமூகத்தில் ஒரு செய்தி ஒரு வீட்டுக்குப் போனால் மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அந்த மாமி தன் சொந்தப் பிள்ளைகளுக்கே இன்னும் சொல்லியிருக்கமாட்டார். உன் அம்மா பழங்களோடு வந்து நின்றால் ஆறுதல் வராது, எப்படித் தெரிந்தது என்ற பதற்றம்தான் வரும்.

அவரைக் கண்டதும் உன் பொறுப்பாளரிடம் சொல். வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். மாமி உன்னைக் கண்டுவிட்டால், 'நான் வீட்டில் எதுவும் சொல்லமாட்டேன்' என்று மெதுவாகச் சொல்லிவிடு. பயிற்சி முடிந்த பிறகும், அவர் குணமாகிக் கோயிலில் உன்னைச் சந்திக்கும்போதும் இதே விதிதான்; பேச்சை அவர் எடுத்தால் மட்டும் பேசு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: 'இன்றைக்கு யாரைப் பார்த்தாய்?' என்று கேட்காதீர்கள். 'இன்றைக்கு என்ன கற்றாய்?' என்று கேளுங்கள். படம், வாட்சப், இன்ஸ்டாகிராம் எதுவும் வேண்டாம். நீல உடை போட்டு எடுத்த செல்பியின் பின்னால் நோயாளிகளின் பெயர்ப் பலகை இருந்ததால் பயிற்சி அன்றோடு நிறுத்தப்பட்ட பிள்ளையும் உண்டு.

ஆங்கிலம் தெரியாத தமிழ் அம்மம்மா ஒருவருக்கு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். உதவி செய்வது தப்பா?

உன் நெஞ்சு உதவச் சொல்லும். என்றாலும் நோய், சிகிச்சை, சம்மதம் பற்றிய பேச்சை நீ மொழிபெயர்க்கக் கூடாது. என்.எச்.எஸ். இல் அதற்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் உண்டு, நேரிலோ தொலைபேசியிலோ; நோயாளிக்குச் செலவில்லை. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது என்பது வழிகாட்டல்.

காரணம் உன் தமிழ் அல்ல. 'மலம் கறுப்பாகப் போகிறதா?' என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் அந்த அம்மம்மா 'இல்லை' என்றுதான் சொல்வார், வெட்கத்தில். அந்த ஒரு 'இல்லை' குடலில் ஓடும் இரத்தத்தை மறைத்துவிடலாம். புற்றுநோய் என்ற செய்தியை உன் வாயால் அவருக்குச் சொல்ல வைப்பது உனக்கும் அநியாயம். 'மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாமா?' என்று நினைவூட்டு. பயணம் எப்படி, ஊர் எது, தேநீருக்குச் சீனி போடுவாரா என்று அவரோடு தமிழில் பேசலாம், தாராளமாகப் பேசு. நாள் முழுக்க ஒரு தமிழ்ச் சொல் கேட்காதவருக்கு அது பெரிய விஷயம்.

ஊழியர் ஒருவர் நோயாளியைத் திட்டியதைப் பார்த்தேன். சொன்னால் என் பெயர் கெடுமா?

கெடாது, சொல். முதலில் உன் பொறுப்பாளரிடம். அவரைப் பற்றியதே என்றால் வேலை அனுபவ அலுவலகத்திடமோ உன் ஆசிரியரிடமோ. மிட் ஸ்ராபோட்ஷயர் வைத்தியசாலையில் நோயாளிகள் பட்ட துன்பம் வெளியே வந்த பிறகு, அதை விசாரித்த சட்டத்தரணி சேர் றொபேட் பிரான்சிஸ் 2015 இல் கொடுத்த அறிக்கையின்படி ஒவ்வொரு ட்ரஸ்டிலும் பயமின்றிப் பேசுவதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பார்த்ததை மட்டும் சொல்: எப்போது, எங்கே, என்ன வார்த்தை. அவர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பை விட்டுவிடு. முன் அறிவிப்பின்றி இரட்டை வேலை பார்த்துக் களைத்தவராக இருக்கலாம். அதை விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். இரகசிய உறுதிமொழி இதற்குத் தடையாகாது.

கோடையில் யாழ்ப்பாணம் போகிறோம். மாமா அங்கே டொக்டர். அங்கே நின்று பார்த்தால் கணக்கில் வருமா?

வரும், நேர்மையாகச் செய்தால். வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். மாமாவின் சம்மதம் மட்டும் போதாது. அங்கே வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளம், வைத்தியரின் மேல் மக்களுக்கு மரியாதை அதிகம். 'லண்டனில் இருந்து வந்த பிள்ளை' என்றால் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சொல்லத் துணியாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்கக் கூடாது. அதனால் அங்கே நீதான் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

'இங்கே செய்து பழகு' என்று ஊசியைக் கையில் கொடுத்தாலும் வாங்காதே. இங்கிலாந்தில் செய்யக் கூடாதது அங்கேயும் கூடாது. நேர்முகத் தேர்வில் அதைப் பெருமையாகச் சொன்னால் எதிராகத்தான் முடியும். மாறாக, இரண்டு நாட்டு முறைகளையும் ஒப்பிட்டு நீ யோசித்தவற்றைச் சொன்னால் நல்ல வரவேற்பு இருக்கும்.

எத்தனை நாள் போனால் போதும்? குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

நாள் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. 2026 இல் பல்கலைக்கழகம் போகிறவர்களில் இருந்து பல்கலைக்கழக விண்ணப்பங்களை எடுக்கும் யூகாஸ் அமைப்புக்கு எழுதும் தனிப்பட்ட கூற்று மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. பாடசாலைக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்பட்டது என்பது மூன்றாவது கேள்வி. அந்த 'ஏன்' தான் முக்கியம். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் ஒக்ரோபர் 15. அதற்குள் ஆண்டு 12 கோடையில் பார்த்தது மறந்துபோயிருக்கும். ஆகவே அன்றன்றே எழுது. பெயர், வயது, படுக்கை இலக்கம் எதுவும் வேண்டாம்.

'வார்ட் சுற்றில் கலந்துகொண்டேன், நிறையக் கற்றேன்' என்ற வரி பயன்படாது. இப்படி எழுது: 'கெட்ட செய்தி சொல்ல வந்த வைத்தியர் முதலில் திரையை இழுத்தார், இருந்தார், உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். செய்தியைச் சொன்ன பிறகு பேசாமல் இருந்தார். அந்த மௌனம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நான் என்றால் ஏதாவது பேசியிருப்பேன். நோயாளிதான் அடுத்த கேள்வியைக் கேட்டார். திரை சத்தத்தை மறைக்காது என்பதையும் கவனித்தேன்.' நேர்முகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு அறை மாறி மாறிக் கேட்கும்போது இந்தச் சில வரிகள் உனக்குக் கைகொடுக்கும்.

பார்த்த பிறகு எனக்கு டொக்டர் படிப்பே வேண்டாம் என்று தோன்றுகிறது. வீட்டில் எப்படிச் சொல்வது?

முதலில் எது வேண்டாம் என்று தோன்றியது என்பதைப் பிரித்துப் பார். நோயாளிகள் அருகில் இருப்பதே பிடிக்கவில்லையா? அல்லது வைத்தியர்கள் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஓடுவது பிடிக்கவில்லையா? இரண்டாவது என்றால் ஒருவரோடு நீண்ட நேரம் வேலை செய்யும் தொழில்கள் நிறைய உண்டு: தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், மருத்துவச்சி. என்.எச்.எஸ். இல் 350 க்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. இவர்களில் ஒருவரோடு ஒரு நாள் நிற்க முடியுமா என்று உன் பொறுப்பாளரிடம் கேள். வாரம் முடியுமுன் கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வோம்.

வீட்டில் 'பிடிக்கவில்லை' என்று மட்டும் சொன்னால் சண்டைதான் வரும். குறிப்பேட்டை எடுத்து, எந்த நாள் என்ன பார்த்தாய், எது உன்னை இழுத்தது என்று காட்டு. அப்பாவின் அடுத்த கேள்வி காசைப் பற்றியதாக இருக்கும். இங்கிலாந்தில் தாதியியல், மருத்துவச்சியியல், மற்றும் மேலே சொன்ன சிகிச்சைப் படிப்புகளைப் படிக்கும் தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்கு குறைந்தது 5,000 பவுண், திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவியாக, 2020 செப்ரெம்பரில் இருந்து கிடைக்கிறது. பெற்றோர் விரும்பினால் என்னிடம் பேசட்டும். தமிழ்ப் பாடசாலை முடியும் நேரத்தில் வாசலில்தான் நிற்பேன்.